இலைக்கும் வாய் உண்டு!

தண்ணீர் இல்லாத காலத்தில் அதை மூடிக்கொள்ளும்!
செடிகள் உயிர் பிழைக்கும் அதிசயம்

சித்திரை மாத வெயில். உச்சிப் பொழுது.

தரை கொதிக்கிறது. கிணறு வற்றிவிட்டது. காற்று அனலாக வீசுகிறது.

மனிதன் நிழலைத் தேடி ஓடுகிறான். மாடு குட்டையைத் தேடிப் போகிறது. குருவி கூட ஓட்டு இடுக்கில் ஒதுங்கிக்கொள்கிறது.

செடி என்ன செய்யும்?

அதற்குக் கால் இல்லை. நிழலுக்கு ஓட முடியாது. முளைத்த இடத்திலேயே நின்றாக வேண்டும்.

ஆனால், அது சும்மா நிற்கவில்லை! ஒரு பெரிய வேலை செய்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரிவது இல்லை.

செடி தன் வாயை மூடிக்கொள்கிறது. ஒரு வாயை அல்ல, லட்சக்கணக்கான வாய்களை!

லட்சம் வாய்கள்

இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் வழவழப்பாக இருக்கிறது. ஓட்டை எதுவும் தெரிவது இல்லை.

அதையே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் வேறு காட்சி தெரியும். இலை முழுவதும் சின்னஞ்சிறு துளைகள்! ஒவ்வொரு துளைக்கும் இரண்டு உதடுகள்!

பார்ப்பதற்கு அப்படியே வாய் போலவே இருக்கும். இவற்றுக்கு "இலைத்துளைகள்" என்று பெயர்.

ஒரு சதுர மில்லிமீட்டர் என்பது ஒரு கடுகு அளவு இடம். அந்த இடத்துக்குள் பல செடிகளில் 100 முதல் 300 துளைகள் வரை இருக்கின்றன. உள்ளங்கை அகலம் உள்ள ஓர் இலையில் 5 லட்சம் முதல் 15 லட்சம் துளைகள் வரை இருக்கும்.

துளையின் அகலமோ மிகச் சிறியது. நன்றாகத் திறந்திருக்கும்போது கூட, தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

பெரும்பாலான மரங்களில் இவை இலையின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. மேல்பக்கம் வெயில் படும் பக்கம் அல்லவா? அதனால் இந்த ஏற்பாடு.

தாமரை இலையில் இது தலைகீழ். அதன் அடிப்பக்கம் தண்ணீரில் கிடக்கிறது. அங்கே வாய் இருந்து பயன் இல்லை. ஆகவே தாமரைக்குத் துளைகள் மேல்பக்கத்தில் இருக்கின்றன!

பசியா, தாகமா?

இலைக்கு வாய் எதற்கு? சாப்பிடத்தான்!

செடியின் சாப்பாடு காற்றில் இருக்கிறது. நாம் மூச்சு விடும்போது வெளியே வரும் கரியமில வாயுதான் அது. அதை உள்ளே இழுத்து, வேர் கொடுக்கும் தண்ணீரையும் சேர்த்து, சூரிய வெளிச்சத்தின் உதவியால் செடி சர்க்கரை தயாரிக்கிறது. நாம் சாப்பிடும் சோறும், கரும்பும், பழமும் இப்படி உண்டானவைதான்.

ஆனால், காற்றில் கரியமில வாயு மிகவும் குறைவு. காற்றைப் பத்தாயிரம் பங்கு ஆக்கினால், அதில் 4 பங்குதான் கரியமில வாயு. அதைப் பிடிக்க இலை தன் வாயை நன்றாகத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல் வருகிறது.

இலையின் உட்புறம் ஈரம். வெளியே உலர்ந்த காற்று. வாயைத் திறந்த உடனே உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடிவிடுகிறது!

இந்த வியாபாரத்தில் செடிக்கு நஷ்டம் கொஞ்சம் அல்ல. நெல், கோதுமை போன்ற பயிர்களில், கரியமில வாயுவின் ஒரு துகள் உள்ளே வருவதற்குள், தண்ணீர்த் துகள்கள் 400-க்கு மேல் வெளியே போய்விடுகின்றன.

வேர் பாடுபட்டு உறிஞ்சும் தண்ணீர் 100 குடம் என்றால், 97 குடம் இப்படி ஆவியாகப் போகிறது. செடியின் உடம்பில் தங்குவது மிச்சம் உள்ளதுதான்.

அத்தனையும் வீண் என்று சொல்லவும் முடியாது. வேர்வை நம் உடம்பைக் குளிர வைப்பது போல, இந்த ஆவி இலையைக் குளிர வைக்கிறது. மேலே தண்ணீர் போகப் போக, கீழே இருந்து தண்ணீரும் மண்ணின் சத்துகளும் ஏறி வருகின்றன.

மழை பெய்யும் காலத்தில் இந்தச் செலவைப் பற்றிக் கவலை இல்லை. மழை பொய்த்துவிட்டால்?

வாயைத் திறந்தால் தாகத்தால் சாவு. மூடினால் பசியால் சாவு. இரண்டுக்கும் நடுவே செடி தினமும் கணக்குப் போட்டு வாழ்கிறது!

சூரியகாந்தியை எடை போட்ட பாதிரியார்

செடிக்கு "வேர்க்கிறது" என்பதை முதன் முதலில் அளந்து காட்டியவர் ஒரு பாதிரியார்!

அவர் பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ். இங்கிலாந்தில், அப்போது லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த டெடிங்டன் என்ற ஊரில் இருந்தார்.

1724-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி அவர் ஒரு வேடிக்கையான காரியத்தைத் தொடங்கினார். தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியை எடுத்துக்கொண்டார். அதன் உயரம் மூன்றரை அடி.

தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டினால் மூடினார். இடுக்குகளை எல்லாம் பூசி அடைத்தார். தண்ணீர் ஊற்ற ஒரு சிறு குழாய் வைத்து, அதையும் தக்கையால் மூடிவிட்டார். இனி மண்ணில் இருந்து ஆவி போக வழி இல்லை. தண்ணீர் போனால், செடியின் வழியாகத்தான் போக வேண்டும்.

பிறகு, தராசைக் கொண்டுவந்தார். காலையும் மாலையும் தொட்டியோடு செடியை நிறுத்தார். இப்படிப் பதினைந்து நாட்கள்!

சுடுமண் தொட்டியில் இருந்தும் ஈரம் கசியுமே என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. கடைசியில் செடியை வெட்டிவிட்டு, வெறும் தொட்டியை எடை போட்டார். பகலில் 2 அவுன்ஸ் கசிவது தெரிந்தது. அதையும் கணக்கில் கழித்துக்கொண்டார். அவ்வளவு கண்டிப்பான மனிதர்!

அவர் கண்டது என்ன?

சராசரியாக, பகல் 12 மணி நேரத்தில் அந்தச் சூரியகாந்தி 20 அவுன்ஸ் தண்ணீரை வெளியேற்றியது. அதாவது, அரைக் கிலோவுக்கு மேல்! மிகவும் உஷ்ணமான ஒரு நாளில் அது 30 அவுன்சாக உயர்ந்தது.

பனி இல்லாத இரவில் போனதோ 3 அவுன்ஸ்தான்.

பகலில் இவ்வளவு, இரவில் அவ்வளவு குறைவு! ஏன்? வெயில் இல்லாதது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இரவில் இலை தன் வாய்களை மூடிக்கொள்கிறது. அந்த ரகசியம் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

ஹேல்ஸ் தன் சோதனைகளை 1727-ல் புத்தகமாக வெளியிட்டார். அளவுக்கு அளவு ஒப்பிட்டால், மனிதனைவிடச் சூரியகாந்தி 17 மடங்கு அதிகமாக வேர்க்கிறது என்று அவர் கணக்கிட்டார்.

இரண்டு காவலாளிகள்

வாய் திறப்பதும் மூடுவதும் எப்படி? இலைக்குத் தசை இல்லை. நரம்பு இல்லை. மூளையும் இல்லையே!

இதற்கு விடை காண வழி காட்டியவர் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹியூகோ வான் மோல். காலம், 1856.

ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கத்திலும் இரண்டு செல்கள் காவல் இருக்கின்றன. அவரை விதை போன்ற வடிவம். உள்ளே தண்ணீர் நிறைந்து உப்பினால், இரண்டும் வில் போல் வளைந்து விலகுகின்றன. நடுவில் துளை திறக்கிறது. தண்ணீர் குறைந்தால் துவண்டு ஒட்டிக்கொள்கின்றன. துளை மூடிவிடுகிறது.

உப்பினால் ஏன் வளைய வேண்டும்?

ஒரு நீண்ட பலூனை எடுத்து, ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒட்டு நாடா ஒட்டி ஊதினால் போதும். நாடா ஒட்டிய பக்கம் நீள முடியாது. மற்றப் பக்கம் நீளும். பலூன் வளைந்துவிடும். காவல் செல்லின் சுவரும் அப்படித்தான். துளையை ஒட்டிய பக்கம் தடிப்பானது. மேலும், செல்லைச் சுற்றி வளையம் வளையமாக நார்கள் இருக்கின்றன. அதனால் அது பருக்க முடியாது. வளையத்தான் முடியும்!

தண்ணீரை உள்ளே இழுப்பது எது? உப்பு!

ஊறுகாய் போடும்போது, உப்பு தூவிய மாங்காயில் தண்ணீர் விட்டுக்கொள்வதை வீட்டுப் பெண்கள் அறிவார்கள். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். பொழுது விடிந்து வெளிச்சம் பட்டதும், காவல் செல்கள் பொட்டாசியம் என்ற உப்புப் பொருளை உள்ளே இழுக்கின்றன. பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. வாய் திறக்கிறது!

பொட்டாசியத்தின் இந்த வேலையை முதலில் எடுத்துக் காட்டியவர்கள் ஜப்பானிய விஞ்ஞானிகள்.

விவசாயிகள் "சாம்பல் சத்து" என்று சொல்லுவது இதைத்தான். சாம்பல் சத்து குறைந்த வயலில், பயிரால் தன் வாயைச் சரிவர ஆள முடியாது. வறட்சியில் அது முன்னதாகவே சோர்ந்துவிடும்.

எப்போதும் வாடிய தக்காளி

இனி வறட்சிக்கு வருவோம்.

தண்ணீர் குறைந்தால் காவல் செல் தானாகத் துவண்டு மூடிக்கொள்ளும் என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். அது முழு உண்மை அல்ல என்பதை ஒரு தக்காளிச் செடி காட்டியது!

"பிளாக்கா" என்பது அந்தத் தக்காளி ரகத்தின் பெயர். அதற்கு ஒரு நோய். வேரில் தண்ணீர் நிறைய இருந்தாலும் வாடிக்கொண்டே இருக்கும். காரணம், அதன் வாய்கள் மூடுவதே இல்லை. இரவிலும் திறந்தே கிடக்கும்!

மற்றத் தக்காளியில் இருக்கும் ஒரு ரசாயனப் பொருள் இதில் மிகவும் குறைவு. அந்தப் பொருளை 1970-ல் பிளாக்கா செடிக்குத் தெளித்துப் பார்த்தார்கள். வாய்கள் மூடின. செடி நிமிர்ந்து நின்றது!

அந்தப் பொருள்தான் அப்சிசிக் அமிலம்.

அது கிடைத்த கதையும் சுவையானது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில், பருத்திக் காய்கள் ஏன் பிஞ்சிலேயே உதிர்கின்றன என்று பிரடெரிக் அடிகாட் என்பவர் ஆராய்ந்தார். பருத்திக் காயில் இருந்து ஒரு பொருளைப் பிரித்து எடுத்தார். அதே சமயம் பிரிட்டனில், குளிர்காலத்தில் மரங்களின் மொட்டுகள் ஏன் உறங்குகின்றன என்று பிலிப் வேரிங் என்பவர் ஆராய்ந்தார். அவருக்கும் ஒரு பொருள் கிடைத்தது.

இரண்டும் ஒன்றே என்பது 1965-ல் தெரிந்தது! அதைக் காட்டியவர் ஜான் கார்ன்போர்த். காது கேட்காத விஞ்ஞானி. வேறு ஓர் ஆராய்ச்சிக்காக 1975-ல் நோபல் பரிசு பெற்றவர்.

பிறகு 1969-ல் இன்னொன்று தெரிந்தது. கோதுமை இலையை வாட விட்டால், சில மணி நேரத்திலேயே இந்தப் பொருள் அதில் பல மடங்கு பெருகுகிறது!

காயை உதிர்ப்பது என்று நினைத்த பொருள், உண்மையில் வறட்சி வந்தால் அடிக்கும் அபாய மணி என்று விளங்கியது.

வேர் அனுப்பும் தந்தி

மணியை அடிக்கச் சொல்வது யார்?

இலை வாடிய பிறகு வாயை மூடினால், வெள்ளம் போன பிறகு அணை போட்ட கதைதான். செடி அதற்கு முன்னாலேயே விழித்துக்கொள்கிறது.

1985-ல் இங்கிலாந்தில் உள்ள லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளச் செடிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரே செடியின் வேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை ஒரு தொட்டியிலும், மறு பாதியை இன்னொரு தொட்டியிலும் வைத்தார்கள். ஒரு தொட்டிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினார்கள். மற்றதைக் காய விட்டார்கள்.

ஈரமான பாதி வேர், செடிக்கு வேண்டிய தண்ணீரைக் கொடுத்தது. இலை வாடவே இல்லை. ஆனாலும், இலையின் வாய்கள் மெல்ல மூடத் தொடங்கின!

காய்ந்த வேர் "மண் காய்கிறது, எச்சரிக்கை" என்று மேலே தந்தி அனுப்பி இருக்கிறது!

பின்னர் ஆப்பிள் கன்றுகளிலும் இதே போல் செய்தார்கள். பாதி வேர் காய்ந்ததும் இலைகள் வளர்வது குறைந்தது. காய்ந்த பாதி வேரை வெட்டி எறிந்தார்கள். இலைகள் மறுபடியும் வளரத் தொடங்கின! தந்தி அடித்தவனையே அப்புறப்படுத்திவிட்டால் செய்தி ஏது?

அந்தத் தந்தியில் பல வகை உண்டு. 2018-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு வகையைக் கண்டார்கள். அது ஒரு சிறு புரதத் துண்டு. வேரில் பிறந்து, தண்ணீர்க் குழல்களின் வழியே இலைக்குப் போகிறது. அங்கே போய், அப்சிசிக் அமிலத்தைத் தயாரிக்கச் சொல்கிறது.

அமிலம் காவல் செல்லை அடைந்ததும் என்ன நடக்கிறது? பூட்டுக்குள் சாவி போவது போல, அது ஒரு புரதத்தில் பொருந்துகிறது. இந்தப் பூட்டை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுவினர் 2009-ல் கண்டுபிடித்தார்கள்.

சாவி பொருந்தியதும், உப்பு வெளியேறும் வாசல்கள் திறக்கின்றன. உப்பு வெளியே போகிறது. தண்ணீரும் பின்னால் போகிறது. காவல் செல் துவள்கிறது. வாய் மூடுகிறது. எல்லாம் சில நிமிடங்களில்!

மூடாவிட்டால் என்ன ஆகும்?

தண்டுக்குள் தண்ணீர், அறுபடாத நூல் போல வேரில் இருந்து இலை வரை நிற்கிறது. மண் காய்ந்த பிறகும் இலை இழுத்துக்கொண்டே இருந்தால், அந்த நூல் அறுந்து குழலில் காற்று புகுந்துவிடும். பம்பு செட்டில் காற்று புகுந்தால் தண்ணீர் ஏறாது அல்லவா? அதே நிலைதான். பல குழல்களில் இப்படி ஆனால் கிளை பட்டுப்போகும்.

இரவில் சாப்பிடும் செடிகள்

எல்லாச் செடிக்கும் ஒரே தந்திரம் இல்லை.

அரளி இலையில் துளைகள் வெளியே தெரியாது. அடிப்பக்கத்தில் சிறு குழிகள் இருக்கின்றன. அந்தக் குழிகளுக்குள், மெல்லிய மயிர்களுக்கு நடுவே துளைகள் ஒளிந்திருக்கின்றன. அனல் காற்று நேரே படாது.

சோளப் பயிர் வெயில் ஏறினால் இலையைச் சுருட்டிக்கொள்ளும். அதற்கு இன்னொரு திறமையும் உண்டு. சோளம், கம்பு, கரும்பு, மக்காச்சோளம் ஆகியவை கரியமில வாயுவைக் கெட்டியாகப் பிடிக்கும் வழி அறிந்தவை. ஆகவே, அதே அளவு சாப்பாட்டுக்கு நெல் செலவழிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி போதும்!

எல்லாரையும் மிஞ்சியது சப்பாத்திக்கள்ளி. பகல் முழுவதும் அது வாயைத் திறப்பதே இல்லை. இரவில், காற்று குளிர்ந்த பிறகுதான் திறக்கும். அப்போது பிடித்த கரியமில வாயுவைப் புளிப்புப் பொருளாக மாற்றிச் சேமித்துக்கொள்ளும். மறுநாள் வெயிலில், கதவைச் சாத்திக்கொண்டு சமையல் நடக்கும்! அன்னாசியும் கற்றாழையும் இதே ஜாதி.

இந்தப் புளிப்பை நாக்கினாலேயே கண்டவர் ஒருவர் உண்டு. அவர் மதராஸ் மாகாணத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் தாவர நிபுணராக இருந்த பெஞ்சமின் ஹைனே. ரணகள்ளி இலையை அவர் காலையில் மென்று பார்த்தார். புளித்தது! மத்தியானம் மென்றார். சுவை இல்லை. மாலையில் கசப்பு தட்டியது. இந்த விந்தையை எழுதி வைத்தார். அது 1815-ல் அச்சாயிற்று. காலைப் புளிப்பு, இரவில் சேமித்த சாப்பாடு என்பது நெடுநாள் கழித்தே விளங்கியது.

கம்பு போடும் கணக்கு

வாயை மூடினால் தண்ணீர் மிச்சம். ஆனால், வயிறு காயும். இலையும் சூடேறும். மணி பிடிக்கும் நேரத்தில் வாய் மூடிக் கிடந்தால் கதிர் பதராகிவிடும். அந்தப் பதரைத் தூற்றும் குடும்பத்துக்குத்தான் நஷ்டத்தின் அருமை தெரியும்.

ஆகவே, எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதில்தான் விளைச்சலே இருக்கிறது.

ஐதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் 1972-ல் ஏற்பட்ட "இக்ரிசாட்" என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிப் பயிர்களை ஆராய்வது அதன் வேலை. அங்கே கம்பு ரகங்களைத் தொட்டியில் வளர்த்து எடை போட்டார்கள். ஹேல்ஸ் பாதிரியார் செய்த அதே வேலைதான்!

கடைசிக் காலத்தில் மழை நின்றுபோனாலும் தாங்கும் ரகங்கள் சில உண்டு. அவை எப்படித் தாங்குகின்றன என்று பார்த்தார்கள். 2010-ல் வெளியான முடிவு எல்லாரையும் யோசிக்க வைத்தது.

அந்த ரகங்கள், தண்ணீர் நிறைய இருக்கும் நாளிலேயே சிக்கனமாக இருந்தன! உலர்ந்த காற்று வீசும் உச்சி வேளையில், மற்ற ரகங்களைவிடக் குறைவாகவே தண்ணீரை வெளியே விட்டன. அவற்றின் இலையில் அப்சிசிக் அமிலமும் அதிகம்.

சம்பளம் வந்த முதல் வாரத்திலேயே கையை இறுக்கிப் பிடிக்கும் குடும்பப் பெண்ணைப் போல! மாதக் கடைசியில் அவள் வீட்டில் அடுப்பு எரியும். கம்பும் அப்படித்தான். முன்னால் மிச்சம் பிடித்த மண் ஈரம், மணி பிடிக்கும் நாளில் கை கொடுக்கிறது.

ஆனால், இதிலும் ஒரு விலை உண்டு. மழை தாராளமாகப் பெய்யும் ஆண்டில், இந்தச் சிக்கனக்கார ரகம் மற்றதைவிடக் குறைவாக வளரக்கூடும். எந்த ஊருக்கு எந்த ரகம் என்று பார்த்துத்தான் விதைக்க வேண்டும்.

பாதிப் பாத்திக்குத் தண்ணீர்

வேர் அனுப்பும் தந்தியையும் மனிதன் பயன்படுத்திக்கொண்டான்.

ஆஸ்திரேலியாவில் 1990-களில் திராட்சைத் தோட்டங்களில் ஒரு புது முறையைப் பார்த்தார்கள். கொடியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் விடுவது. மறு பக்கத்தைக் காய விடுவது. சில நாள் கழித்துப் பக்கத்தை மாற்றுவது!

காய்ந்த பக்கத்து வேர் எச்சரிக்கை அனுப்புகிறது. இலை வாயைச் சற்றே மூடுகிறது. ஈரப் பக்கத்து வேர் தாகம் தீர்க்கிறது. தண்ணீர் ஏறக்குறைய பாதி போதுமானதாக இருந்தது. ஆனாலும் விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. எல்லா மண்ணிலும் எல்லாப் பயிரிலும் ஒரே பலன் கிடைப்பது இல்லை. ஆனாலும் சொட்டு நீர்க் குழாய் உள்ள இடங்களில் இது பல நாடுகளில் சோதிக்கப்பட்டு இருக்கிறது.

வீட்டில் ஒரு சோதனை

இலையின் வாயை மைக்ராஸ்கோப் இல்லாமலும் அறியலாம். பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம்.

வெயிலில் நிற்கும் செடியில், இலைகள் உள்ள ஒரு சிறு கிளையைப் பிளாஸ்டிக் பையால் மூடி, காம்பில் நூலால் கட்டிவிட வேண்டும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், பைக்குள் தண்ணீர்த் துளிகள் முத்து முத்தாக நிற்கும். அது இலைகளின் வாய் வழியே வந்த தண்ணீர்!

அதே போல் மாலையில் ஒரு பையைக் கட்டி, விடியற்காலையில் பார்க்கலாம். துளிகள் மிகவும் குறைவாக இருக்கும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பூசணிக் கொடி மத்தியானத்தில் தொங்கிப்போய் இருந்தால் பதற வேண்டியது இல்லை. வேர் கொடுப்பதைவிட இலை அதிகமாகச் செலவழிக்கும் நேரம் அது. மாலையில் நிமிர்ந்துவிட்டால் மண்ணில் ஈரம் இருக்கிறது என்று பொருள். மறுநாள் காலையிலும் தொங்கியே இருந்தால், உடனே தண்ணீர் வேண்டும்.

நாற்றைப் பிடுங்கி நட்டவுடன் நிழல் கட்டுவதும் இதனால்தான். பிடுங்கும்போது வேர் அறுந்திருக்கும். இலைக்குத் தண்ணீர் எட்டாது. வெயில் குறைந்தால் செலவு குறையும். நாற்று பிழைக்கும்.

அசையாத போராட்டம்

அதே சித்திரை வெயில். அதே உச்சிப் பொழுது.

வேலி ஓரத்தில் ஒரு செடி அசையாமல் நிற்கிறது. பார்ப்பவர்களுக்கு அது சும்மா நிற்பது போலத் தோன்றும்.

ஆனால், மண்ணுக்கு அடியில் வேர் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. லட்சக்கணக்கான காவலாளிகள் கதவைச் சாத்துகிறார்கள். பசியைப் பொறுத்துக்கொண்டு, ஒரு மழைக்காகச் செடி காத்திருக்கிறது.

அதன் வேரில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால், அந்த லட்சம் வாய்களும் மறுபடி திறக்கும்!